கடமான் கொம்புப் பிடியும் சேலத்து அலகும்: பழைய வேட்டைக் கத்திகளைச் சேகரிப்பது பற்றி

சென்னையில் பழைய வேட்டைக் கத்தி சேகரிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். நாணயம் சேகரிக்கிறேன் என்றால் "அப்படியா, ஒருநாள் காட்டுங்களேன்" என்பார்கள். கத்தி சேகரிக்கிறேன் என்றால் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும். நம் செய்தித்தாள்களில் கத்தி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று யோசித்தால் அவரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பொருளில் சென்னைக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்பது என் கட்சி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் என்று வெளிநாட்டு ஊர்ப் பெயர் பொறித்த கத்திகளின் கதையில் கணிசமான பகுதி இந்த மண்ணில் நடந்திருக்கிறது. பிடிக்குப் போன கொம்பு இந்தியக் காடுகளிலிருந்து போனது. ஷெஃபீல்டு எஃகு மலிவாகவும் நல்லதாகவும் ஆனதில் பரங்கிப்பேட்டையில் கையைச் சுட்டுக்கொண்ட ஒருவருக்குப் பங்கு உண்டு. ஷெஃபீல்டில் செய்த கத்திகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி சேலத்தில் ஒரு கொல்லர் கத்தி அடித்தார். இதெல்லாம் தெரியாமல் வாங்கினால் பளபளப்புக்குத்தான் காசு கொடுத்ததாக ஆகும்.

எந்தக் கத்தி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மடக்குக் கத்தி இதில் சேராது. வாள், கட்டாரி போன்ற போர்க்கருவிகளும் சேராது. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. இங்கே பேசுவது வேட்டைக்குப் போனவரின் இடுப்பில் தோல் உறையில் தொங்கிய கத்தியைப் பற்றி. அலகும், பிடிக்குள் போகும் வாலும் ஒரே இரும்பால் ஆனவை. மடங்கும் இடம் எதுவும் இல்லை. அதனால் ரத்தமும் மண்ணும் புகுந்து கெட்டுப்போகவும் இடமில்லை.

கத்தியின் நீளமே அதன் வயதைப் பாதி சொல்லிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் துப்பாக்கி என்றால் குழாயின் வாய் வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிப்பது. ஒரு குண்டு குறி தவறினால், அடுத்ததைப் போட்டு முடிப்பதற்குள் காயம்பட்ட காட்டுப்பன்றி ஆளின் மேலேயே வந்துவிடும். அப்போது கையில் மிஞ்சுவது கத்திதான். ஆகவே அந்தக் காலத்துக் கத்திகள் 8, 10, சில சமயம் 12 அங்குலம்கூட இருக்கும். முனைப்பக்கம் முதுகும் கூர்தீட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவில் ஜிம் போவி என்பவர் 1827-இல் ஒரு சண்டையில் பெரிய கத்தியால் பேர் வாங்கி, 1836-இல் அலமோ கோட்டையில் செத்துப்போனதும், அந்த மாதிரிக் கத்திக்கு அங்கே ஒரு மோகம் கிளம்பியது. ஷெஃபீல்டுக்காரர்கள் பெட்டி பெட்டியாகச் செய்து அனுப்பினார்கள்.

பின்னால் தோட்டாவைப் பின்பக்கமாகப் போடும் துப்பாக்கி வந்தது. அப்புறம் அடுத்தடுத்துச் சுடும் ரைஃபிள் வந்தது. கத்தி கடைசி ஆயுதமாக இருந்த வேலை போய், விழுந்த விலங்கின் தோலை உரிக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. அதற்கு 4 முதல் 6 அங்குலம் தாராளம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கிளாட்ஸ்டன் என்ற சிற்றூரில் வெப்ஸ்டர் மார்பிள் என்பவர் 1900-ஐ ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்த கத்திகள் இந்த மாற்றத்துக்கு நல்ல அடையாளம். தோல் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த பிடி, நடுவில் பள்ளம் ஓடும் அலகு, கைக்கு அடக்கமான உருவம். அதற்குப் பிறகு அமெரிக்காவில் வந்த வேட்டைக் கத்திகளில் பாதி இதன் வாரிசுகள்தான். 1930களில் போ ராண்டல் என்ற ஃபுளோரிடாக்காரர் ஏரிக்கரையில் ஒருவர் அருமையான ஒரு கத்தியால் படகின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அந்தக் கத்தியை வாங்கி, அதே மாதிரி செய்ய முயன்றுதான் தன் பட்டறையைத் தொடங்கினார் என்பார்கள். அது ஸ்கேகல் என்ற கைவினைஞர் செய்த கத்தி. இன்றைக்கு ஸ்கேகலின் கத்தியால் பெயிண்ட் சுரண்டினால் சேகரிப்பாளர் உலகம் அழுதுவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது முத்திரை. அலகு பிடியோடு சேரும் கூர்தீட்டாத இடத்தில் அடித்திருப்பார்கள். ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனத்துக்கு ஆறு முனை நட்சத்திரமும் மால்டா சிலுவையும். அந்தக் குறி 1682-இல் பதிவானது. ஜார்ஜ் வோஸ்டன்ஹோமுக்கு ஐ, எக்ஸ், எல் என்ற மூன்று எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரம். வி.ஆர். என்ற எழுத்துகளும் நடுவில் கிரீடமும் இருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1837-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது. பெயருக்குக் கீழே 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயரும் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. தங்கள் நாட்டுக்கு வரும் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம்தான் காரணம். கத்தி சென்னைக்கு வந்ததா சிகாகோவுக்குப் போனதா என்பது வேறு விஷயம். பட்டறையில் அச்சு ஒன்றுதானே.

'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் இருந்தால் 1913-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த ஆண்டில்தான் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தார். தாத்தாவின் தாத்தா வைத்திருந்தது என்று சொல்லி ஸ்டெயின்லெஸ் கத்தியைக் காட்டுபவரிடம் வாதாட வேண்டாம். விலையை மட்டும் குறைத்துப் பேசினால் போதும்.

ஜெர்மன் கத்திகளில் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். அந்த ஊரின் பூமா நிறுவனம் 1950களில் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த 'ஒயிட் ஹண்டர்' கத்திக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். பழைய பூமா அலகில் ஊசிமுனையால் குத்தியது போல ஒரு சின்னக் குழி இருக்கும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து அடிபட்ட கத்தி என்று ஒதுக்கிவிடுவார்கள். அது எஃகின் கடினத்தைச் சோதித்த அடையாளம். குழி இருந்தால்தான் நிம்மதி.

சரி, பிடிக்கு வருவோம். என்னைக் கேட்டால் கத்தியில் அதிகம் பேசுவது பிடிதான்.

பழைய ஷெஃபீல்டு, சோலிங்கன், அமெரிக்கக் கத்திகள் மூன்றிலும் உயர்ந்த ரகம் என்றால் மான்கொம்புப் பிடி. அந்தக் கொம்பில் பெரும்பகுதி இந்தியாவின் கடமானுடையது. ஐரோப்பாவிலும் மான்கள் இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள்? கொம்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் விடை தெரியும். எல்லா மான்கொம்பிலும் வெளியே கெட்டியான பகுதியும் நடுவில் துளைதுளையாக ஒரு சோறும் இருக்கும். ஐரோப்பியச் செம்மானின் கொம்பில் இந்தச் சோற்றுப் பகுதி அதிகம். கடமான் கொம்பில் குறைவு, ஓரம் தடிமன். சீவினாலும் துளைத்தாலும் வால் இரும்பை இறக்கினாலும் தாங்கும். மேல்பக்கம் மரப்பட்டை போல வரிவரியாக இருப்பதால் ஈரக்கையிலும் வழுக்காது. கடமான் கொம்பை ஆண்டுதோறும் உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். ஆகவே உதிர்ந்த கொம்பைக் காட்டில் பொறுக்கி, மூட்டை கட்டி, துறைமுகத்துக்கு அனுப்புவது நெடுங்காலம் ஒரு வியாபாரமாகவே நடந்தது. 1990களின் இறுதியில் இந்திய அரசு கொம்பு ஏற்றுமதியை நிறுத்தியபோது சோலிங்கனிலும் அமெரிக்காவிலும் கத்தி செய்பவர்கள் திண்டாடிப்போனார்கள். கையிருப்புக் கொம்பின் விலை ஏறியது. மாட்டெலும்பில் கொம்பு மாதிரி வரி வெட்டுவதும், பிளாஸ்டிக்கில் வார்ப்பதும் முன்பே இருந்த வழக்கம்தான், அது இன்னும் பெருகியது.

அசலா போலியா என்று பார்க்கச் சிலர் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்ப்பார்கள். செய்யாதீர்கள். பிளாஸ்டிக் என்றால் உருகும், கொம்பு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், உண்மைதான். ஆனால் சோதனை முடிந்ததும் உங்கள் கையில் இருப்பது ஓட்டை விழுந்த கத்தி. பிடியின் பின்முனையைப் பார்த்தாலே போதும். அசலில் நடுச்சோறு தெரியும். பிளாஸ்டிக்கில் இரண்டு பக்கமும் ஒரே வரி அச்சு அசலாகத் திரும்ப வரும், வார்ப்புக் கோடும் தெரியும்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியதோடு நிற்கவில்லை. விலங்கின் எந்தப் பகுதியைச் சேர்த்துச் செய்த பொருளும் அதன் கண்ணில் விலங்குப் பொருள்தான். கொம்பு, பல், நகம் என்று பெயர் சொல்லியே பட்டியல் போட்டிருக்கிறது. தானாக உதிர்ந்ததா, கொன்று எடுத்ததா என்று கொம்பை அது இரண்டாகப் பிரிப்பதில்லை. கத்தியை ஷெஃபீல்டில் செய்தார்கள் என்பதால் பிடியில் இருக்கும் கடமான் வேறு நாட்டுப் பிராணியாகிவிடாது. அனுமதி இல்லாமல் வாங்குவது விற்பது இரண்டும் வம்பு. தந்தப்பிடி என்றால் பேச்சே வேண்டாம். இந்திய யானையின் தந்தம் வியாபாரம் முன்பே தடையாகிவிட்டது, 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தமும் அதில் சேர்ந்தது. வீட்டில் பரம்பரையாக இருக்கும் பொருள்களை அறிவிக்க 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அப்போது அறிவித்துச் சான்று வாங்கிய குடும்பங்களும் உண்டு, பரணில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் விட்ட குடும்பங்களும் உண்டு.

ஆக, உலகத்தில் மற்றச் சேகரிப்பாளர்கள் எதைத் தேடித் தேடி வாங்குகிறார்களோ, அதைச் சென்னைக்காரர் தொடாமல் இருப்பது நல்லது. இது பலருக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொம்பை ஒதுக்கிவிட்டால் கண் மற்றப் பிடிகளின் பக்கம் போகிறது. தோல் வில்லைப் பிடி, கருங்காலி, ஈட்டி மரம், எருமைக்கொம்பு, துணியைப் பிசினில் தோய்த்து இறுக்கிய மைக்கார்ட்டா. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. எருமை வீட்டு விலங்கு, அதனால் இந்தச் சட்டத்தின் தொல்லை இல்லை. ஆனால் அந்தக் கொம்பு காயக்காயச் சுருங்கி ஆணியைச் சுற்றி விரிசல் விடும், பூச்சியும் அரிக்கும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கொம்புப்பிடிக் கத்தி கிடைத்தால் அதை விற்க அலையாமல், வனத்துறையின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுவதுதான் வழி.

சட்டம் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் முடித்துவிடலாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் கத்திக்கு ஓர் எல்லைக்கோடு போட்டிருக்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்து, வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்படாததாகவும் இருந்தால் அது ஐந்தாம் வகை ஆயுதம். அந்த வகையை வைத்திருக்க எல்லா ஊரிலும் உரிமம் கேட்பதில்லை. சட்டத்தின் 4-ஆம் பிரிவில் அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான் கேட்பார்கள். ஆனால் செய்து விற்பதற்கும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கும் தனி விதிகள் உண்டு. அந்த 9 அங்குலக் கோடு மேலே சொன்ன கத்தி வரலாற்றைச் சரியாக இரண்டாக வெட்டுகிறது: கெட்டிப்புத் துப்பாக்கிக் காலத்துப் பெரிய கத்திகள் பல கோட்டுக்கு அந்தப் பக்கம், தோல் உரிக்கும் சின்னக் கத்திகள் எல்லாம் இந்தப் பக்கம். புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பக்கத்திலேயே இருக்கலாம். எந்தக் கத்தியானாலும் வீட்டு அலமாரியோடு சரி. உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போனால் போலீஸ்காரருக்கு ஷெஃபீல்டு வரலாறு சொல்லிப் பயனில்லை.

இனி சேலம். தமிழ்நாட்டில் எஃகின் கதை மிகப் பழையது. கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. சேலத்துக் கஞ்சமலையின் காந்த இரும்புத் தாது பேர் போனது. மண்குகையில், அதாவது மண்ணால் செய்த சின்னக் கலத்தில், இரும்பையும் கரியையும் வைத்து மூடி உருக்கி எடுக்கும் தென்னிந்திய எஃகை ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்றார்கள். 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஆய்வுரை படித்தார். மின்சார ஆராய்ச்சிக்குப் பேர் வாங்குவதற்கு முன்னால் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த எஃகின் ரகசியத்தைத்தான் துருவிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர். நிம்மதியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். சேலத்து இரும்பில் பித்துப்பிடித்து வேலையை விட்டு, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை போட்டார். அங்கே நிலக்கரி கிடையாது, எல்லாம் மரக்கரி. காடு கரைந்தது, கடன் ஏறியது. இங்கிலாந்துக்குத் திரும்பிய ஹீத், எஃகு உருக்கும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைக் கொஞ்சம் போட்டால் மட்டமான இரும்பும் நல்ல எஃகாகும் என்று கண்டு, 1839-இல் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டு உலைக்காரர்கள் அதே பலனைத் தரும் மலிவான வழியை அவரிடமிருந்தே தெரிந்துகொண்டு, காப்புரிமை அதற்குச் செல்லாது என்று காசு கொடுக்க மறுத்தார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851-இல் நொடிந்துபோய் இறந்தார், தீர்ப்பு அதற்கப்புறம்தான் வந்தது. விக்டோரியா காலத்து ஷெஃபீல்டு கத்தி ஒன்றில் 'காஸ்ட் ஸ்டீல்', அதாவது உருக்கி வார்த்த எஃகு, என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பரங்கிப்பேட்டைதான் ஞாபகம் வரும்.

அதே காலத்தில் சேலத்தில் அருணாசலம் என்ற கொல்லர் வேட்டைக் கத்தி அடித்துக்கொண்டிருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அவரிடம் கத்தியும் ஈட்டிமுனையும் விரும்பி வாங்கினார்கள். அலகில் ஆங்கில எழுத்தில் அவர் பெயரும் சேலம் என்ற ஊரும் இருக்கும். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், 'ரு'வில் உள்ள உகரம் காணாமல் போயிருக்கும். இந்த எழுத்துக்கோர்ப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் சுத்தமாக 'அருணாசலம்' என்று பொறித்த கத்தி வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஔரங்காபாத்தில் போத்ராஜ் என்பவரும் இதே மாதிரிப் பேர் வாங்கினார். நம் நாட்டுக் கைவினைஞர்கள் கோயில் சிற்பத்தில் பெயர் பொறிக்காமல் போனதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இங்கே ஒருவர் தன் பெயரையும் ஊரையும் இரும்பில் அடித்துவைத்திருக்கிறார், அவரைப் பற்றி நம்மில் பேசுபவர்கள் மிகக் குறைவு.

சென்னையில் இந்தப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன? நீலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் எஸ்டேட் பங்களாக்கள் கைமாறும்போது சாமான்கள் ஏலத்துக்கு வரும். ஓய்வுபெற்ற வன அதிகாரி, ராணுவ அதிகாரி வீடுகள். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுப்போன பெட்டிகள். மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால் அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். இப்போது ஏலக்கடை, காயலான் கடை, தெரிந்தவர் மூலம் வரும் போன் என்று சிதறிவிட்டது.

ஈவினிங் பஜார் பக்கம் ஒரு கடையில் நண்பர் ஒருவருக்கு நடந்த பேரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பாடம் முழுக்க அதில் இருக்கிறது.

"சார், இது ஒரிஜினல் இங்கிலீஷ் கத்தி. தொர வெச்சிருந்தது."

"அண்ணே, எப்ப வந்துச்சு?"

"போன வாரம்தான். துரு புடிச்சு கறுப்பா கெடந்துச்சு சார். நான்தான் பஃப் போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கி வெச்சேன். மூஞ்சி பாக்கலாம்."

முகம் பார்க்கலாம்தான். அலகின் இரண்டு பக்கமும் ஓடிய கூர்மையான மடிப்புக்கோடு மழுங்கிப்போயிருந்தது. முத்திரையில் நட்சத்திரத்தின் முனைகள் கரைந்து பொட்டாகிவிட்டன. கடைசி எழுத்துகள் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தன. பிடி சேரும் இடத்தில் மட்டும், பஃப் சக்கரம் எட்டாத மூலையில், ஒரு நூல் அகலத்துக்குப் பழைய நீலச்சாம்பல் நிறம் மிஞ்சியிருந்தது. கத்தி முழுவதும் அந்த நிறத்தில் இருந்திருந்தால் நண்பர் கேட்ட விலையைக் கொடுத்திருப்பார். கடைக்காரர் மேல் தப்பில்லை, மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் பளபளப்பைத்தான் கேட்கிறார்கள்.

பஃப் சக்கரத்துக்கு அடுத்த எதிரி சாணைக்காரர். கத்தி எத்தனை தடவை சாணைக்குப் போனது என்பதை அறியச் சுலபமான வழி உண்டு. முத்திரை இருக்கும் கூர்தீட்டாத பகுதியின் உயரத்தையும், அதை ஒட்டி அலகு தொடங்கும் இடத்தின் உயரத்தையும் ஒப்பிட வேண்டும். வெட்டுவாய் உள்வாங்கி அங்கே ஒரு படி விழுந்திருந்தால் நிறைய எஃகு போய்விட்டது. முனை மேல்நோக்கி ஊசியாகிப் போயிருந்தாலும் அப்படித்தான். ஓரளவு தேய்ந்த கத்தியை நான் வெறுப்பதில்லை. வேலை செய்த கத்தி தேயத்தான் செய்யும். விலை மட்டும் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும்.

போலிகளைப் பொறுத்தவரை, புதுக்கத்தியை அமிலத்தில் நனைத்துப் பழசாக்குவது நெடுநாள் வித்தை. அமிலத்துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். காலத்துரு அப்படி இருக்காது. விரல் பட்ட இடம், உறை உரசிய இடம், ரத்தம் காய்ந்த இடம் என்று ஒவ்வொன்றும் வேறு நிறம். அலகு நூறு வயது காட்டிப் பிடியின் ஆணித்தலைகள் புதிதாக இருந்தால் கேள்வி கேளுங்கள். பிடிக்கும் பூணுக்கும் இடையே பசை தெரிகிறதா என்று பார்க்கலாம். பழைய வேலையில் அரக்கு, குங்கிலியம் போன்ற பிசின்கள்தான். அரால்டைட் 1946-இல் சந்தைக்கு வந்த பொருள். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அடித்தால் இன்றைய பசை பெரும்பாலும் வெளிறி ஒளிரும். இன்னொன்று, அலகெங்கும் அலையலையாக வரி ஓடும் கத்தியைக் காட்டி 'டமாஸ்கஸ், நம்ம ஊர் பழைய உருக்கு' என்று விற்பார்கள். இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்து அமிலத்தில் வரி வரவழைத்த இன்றைய கத்தி அது. பாகிஸ்தானின் வஜீராபாத் பட்டறைகளிலிருந்து உலகமெங்கும் போகிறது. குகையில் உருக்கிய எஃகின் வரி உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மெல்லியது, எங்கும் அடுக்கு பிரிந்து தெரியாது.

வாங்கியாகிவிட்டது. சென்னையில் காப்பாற்றுவது அடுத்த பாடு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து கார்பன் எஃகை ஒரு மழைக்காலத்தில் செந்துருவாக்கிவிடும். பெரும்பாலோர் செய்யும் தவறு கத்தியை அதன் உறையிலேயே போட்டு வைப்பது. பார்க்க அழகுதான், ஆனால் தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனங்களும் அதில் இருக்கும். இரண்டும் சேர்ந்து அலகை அரிக்கும். பித்தளை தோலைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு கட்டும். உறையும் கத்தியும் பக்கத்துப் பக்கத்தில், தனித்தனியாக இருக்கட்டும். உறையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். முதலில் வந்த உறையோடு இருக்கும் கத்திக்கும் உறை இல்லாத கத்திக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

தேங்காயெண்ணெய் தடவாதீர்கள். காலப்போக்கில் சிக்குப்பிடித்து மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெயை ஒரு துளி துணியில் தேய்த்துத் துடைத்தால் போதும். அருங்காட்சியகங்களில் போடும் மெழுகு கிடைத்தால் இன்னும் நல்லது, விரல் ரேகை பதியாது. புள்ளி புள்ளியாகச் செந்துரு வந்தால் எண்ணெயில் ஊறவைத்து, செம்புக்காசின் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மை என்பதால் கீறாது. உப்புத்தாளை அலமாரிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. தோல் வில்லைப் பிடி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஏசி அறையில் சுருங்கி ஆட ஆரம்பிக்கும். அதற்கு ஒரே சீரான இடம் வேண்டும். பழைய செல்லுலாய்டு பிடி இருக்கிறதே, மினுமினுப்பாக, ஆமையோடு மாதிரி, அதைத் தனியாக வையுங்கள். நம் ஊர் வெயிலில் அது மெல்லச் சிதைந்து அமில ஆவி விடும். ஒரே பெட்டியில் பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளும் சேர்ந்து துருப்பிடிக்கும்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். யாரிடம், எப்போது, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நூறு ஆண்டு தாண்டிய கத்தி என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் அது தொல்பொருளாகிவிடும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் வருவதற்கு எவ்வளவோ முன்னால், துரைமார்களின் பெட்டியில் கப்பலேறிப் போன அருணாசலத்தின் கத்திகள் இப்போது இங்கிலாந்து ஏலங்களில் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. அங்கிருந்து ஒன்றைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர், ஏலப் பட்டியலில் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: அலகு எத்தனை அங்குலம், பிடி எதனால் ஆனது. 8 அங்குலமும் கருங்காலிப் பிடியும் என்று பதில் வந்தால் சென்னைச் சுங்கத்தில் கேள்விகள் குறையும். தந்தம் என்று பதில் வந்தால், படத்தைப் பார்த்து ரசித்துவிட்டு அந்தக் கத்தியை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.